மக்களவையில் மனித உரிமைக் கேள்வி: நோட்டீஸ் முதல் உறுதிமொழிக் குழு வரை முழுமையான வழிகாட்டி

2021 ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் சமூக நீதி அமைச்சகம் ஒரு பதில் சொன்னது: மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியால் இறந்ததாக எந்தத் தகவலும் இல்லை. நாடே கொதித்தது. சில நாட்களில் அதே அமைச்சகம் இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்னது: பாதாள சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்திருக்கிறார்கள். மாநில வாரிப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

அமைச்சகத்தின் கணக்கில் இரண்டு பதிலும் சரி. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறையில் மலம் அள்ளுபவரை ஒரு வகையாகவும், சாக்கடைக்குள் இறங்குபவரை ‘அபாயகரமான துப்புரவு’ என்று வேறு வகையாகவும் பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகையைக் கேட்டால் பூஜ்யம் வரும், இரண்டாவதைக் கேட்டால் 941 வரும். எம்.பி. அலுவலகத்தில் கேள்வி எழுதுபவர்களுக்கும், எம்.பி.க்களுக்கு விவரம் கொடுக்கும் உரிமை அமைப்புகளுக்கும் இந்த வழிகாட்டியின் சாரம் இதுதான்: அமைச்சகம் எந்தப் பெயரில் கோப்பு வைத்திருக்கிறதோ அந்தப் பெயரில் கேட்க வேண்டும். எப்படி என்பதை மலக்குழி மரணங்களையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: யாரிடம் கேட்பது?

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் எல்லாமே மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மனித உரிமை பற்றிக் கேட்டால் முதலில் வந்து நிற்கும் பதில் ‘இது மாநிலப் பொருள்’ என்பதுதான். இதைத் தாண்ட, மத்திய அரசின் கை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மத்தியச் சட்டம், மத்திய நிதி, மத்திய ஆணையம், மத்திய அளவில் திரட்டும் புள்ளிவிவரம் ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தால் கேள்வி தாக்குப்பிடிக்கும். மலக்குழி விஷயத்தில் நான்குமே உண்டு: 2013 சட்டம், துப்புரவுப் பணியை இயந்திரமயமாக்கும் நமஸ்தே திட்டம், தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம், அமைச்சகமே வைத்திருக்கும் மரணப் பட்டியல்.

அடுத்தது அமைச்சகம். பட்டியலினத்தோர், மாற்றுத்திறனாளிகள், திருநர், முதியோர் விவகாரங்கள் சமூக நீதி அமைச்சகத்துக்குப் போகும். பழங்குடியினருக்குத் தனி அமைச்சகம் இருக்கிறது. காவல் மரணம், தேசிய மனித உரிமை ஆணையம், குற்றப் புள்ளிவிவரம் எல்லாம் உள்துறை. கொத்தடிமை என்றால் தொழிலாளர் துறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலினத்தோர் அளவில் சட்டத்தை நிர்வகிப்பது சமூக நீதி அமைச்சகம், ஆனால் வழக்குகளின் எண்ணிக்கை உள்துறையின் கீழுள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. நிவாரண நிதியையும் தண்டனை விகிதத்தையும் ஒரே கேள்வியில் கேட்டால் பாதிக்குத்தான் பதில் வரும். இரண்டு கேள்வியாகப் பிரித்து இரண்டு அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.

படி 2: பழைய பதில்களைத் தோண்டுவது

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இரு அவைகளின் கேள்வி பதில்களையும் அமைச்சகம், தேதி, தலைப்பு வாரியாகத் தேடலாம். இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த அரை நாளைத்தான். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட விஷயத்தைத் திரும்பக் கேட்டால் மக்களவை நடைமுறை விதி 41இன்படி நிராகரிக்கலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய பயன், அமைச்சகம் என்னென்ன அட்டவணை வைத்திருக்கிறது என்பது அந்தப் பதில்களின் இணைப்பில்தான் தெரியும். மாநில வாரி அட்டவணை ஒருமுறை வந்துவிட்டால், ‘தரவு இல்லை’ என்று அடுத்த முறை சொல்வது கடினம்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அட்டவணைத் தலைப்பின் சரியான வாசகம், அதன் மூலம், அது நிதியாண்டா நாட்காட்டி ஆண்டா என்பது. மூன்றாவதில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். 2021–22 நிதியாண்டில் காவல் நிலைய மரணங்களாக மனித உரிமை ஆணையம் பதிவு செய்தவை 175. குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் 88. ஆண்டும் வேறு, பதிவு செய்யும் முறையும் வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்து ‘அரசு பொய் சொல்கிறது’ என்று எழுந்தால் அமைச்சர் ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்.

இன்னொன்று. 2022 ஜூலையில் உள்துறை இணை அமைச்சர் மக்களவையில் தந்த பதிலில் இரண்டு நிதியாண்டுகளில் காவலில் இறப்பு 4,484 என்று வந்தது. அதில் பெரும்பகுதி நீதிமன்றக் காவல், அதாவது சிறை மரணங்கள், நோயால் இறந்தோரும் சேர்த்து. லாக்கப் மரணம்தான் உங்கள் அக்கறை என்றால் ‘போலீஸ் காவல்’, ‘நீதிமன்றக் காவல்’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

படி 3: கேள்வியை எழுதுவது

விதி 41 சொல்லும் தடைகள் நீளமான பட்டியல். நடைமுறையில் அடிக்கடி இடிப்பவை சில: 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், யூகம், கிண்டல், அடைமொழி, அவதூறு கூடாது. அபிப்பிராயமோ கற்பனைச் சூழலுக்கு விடையோ கேட்கக்கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தில் தகவல் கேட்கக்கூடாது. தேவையில்லாமல் தனிநபர் பெயர் வரக்கூடாது. கேள்விக்குள் ஒரு கூற்று இருந்தால் அதன் உண்மைத்தன்மைக்குக் கேட்கும் உறுப்பினரே பொறுப்பு. பத்திரிகைச் செய்தியை ஆதாரமாக வைத்து எழுதுபவர்கள் இந்தக் கடைசி விதியை மறக்க வேண்டாம்.

பொதுவாக வரும் வரைவு இப்படி இருக்கும்:

‘நாடு முழுவதும் மலம் அள்ளும் கொடுமையால் எத்தனை பேர் இறந்தார்கள்? இதைத் தடுக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?’

இதில் நாலு ஓட்டை. ‘மலம் அள்ளும்’ என்ற வகை, பூஜ்யத்துக்கு வழிவிடுகிறது. ‘கொடுமை’ அடைமொழி, செயலகம் வெட்டிவிடும். கால வரம்பு இல்லை. கடைசியாக அந்த ‘நடவடிக்கை என்ன’ இருக்கிறதே, அதைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு ஒரே சந்தோஷம். மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரைக் கடிதங்கள், பயிலரங்குகள், விழிப்புணர்வு முகாம்கள் என்று இரண்டு பக்கத்துக்கு நிரப்பிவிடுவார்கள்.

அதே கேள்வியை இப்படி எழுதலாம்:

‘சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் பாதாள சாக்கடை, மலக்குழி ஆகியவற்றின் அபாயகரமான துப்புரவின்போது இறந்தோர் எண்ணிக்கை, மாநில வாரியாக, ஆண்டு வாரியாக;
(ஆ) இவர்களின் குடும்பங்களில் இழப்பீடு பெற்றவை, தொகை வாரியாக, மாநில வாரியாக; இன்றுவரை எதுவும் பெறாதவை;
(இ) இந்த மரணங்களுக்காக 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் பதிவான முதல் தகவல் அறிக்கைகள், தாக்கலான குற்றப்பத்திரிகைகள், கிடைத்த தண்டனைகள்;
(ஈ) அச்சட்டத்தின்படி அமைந்த மத்தியக் கண்காணிப்புக் குழு இதே காலத்தில் கூடிய தேதிகள்.’

ஏன் இப்படி? (ஆ)வில் ‘தொகை வாரியாக’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2014இல் இழப்பீட்டை 10 லட்சம் என்று வைத்தது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது 30 லட்சமானது. அதுவரை எதுவுமே கிடைக்காத பழைய குடும்பங்களுக்கும் புதிய தொகைதான் என்றது தீர்ப்பு. ‘இழப்பீடு கொடுத்தீர்களா’ என்று மட்டும் கேட்டால் 10 லட்சமும் 30 லட்சமும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். (இ)யில் பிரிவு எண் போடாவிட்டால், கவனக்குறைவால் மரணம் என்று ஒப்பந்தக்காரர் மேல் போட்ட சாதாரண வழக்குகளும் கணக்கில் சேர்ந்துவிடும். அபாயகரமான துப்புரவில் ஆளை இறக்குபவரைத் தண்டிக்கும் 9ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். அந்தப் பிரிவை யாராவது பயன்படுத்துகிறார்களா என்பதுதான் கேள்வியே. (ஈ)யில் ‘கூடியதா’ என்று கேட்காமல் தேதிகளைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய குழு அது. ‘தவறாமல் கூடுகிறது’ என்ற சொற்றொடர் தேதிப் பட்டியலுக்கு முன் நிற்காது.

சங்கிலி போடாதீர்கள்

கேள்வி வரைவில் பழக்கதோஷமாக வரும் வாசகம் ‘ஆம் எனில், அதன் விவரம்’. 2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எண்ணிக்கையையும், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்பதையும் மக்களவையில் கேட்டார்கள். தொழிலாளர் அமைச்சகத்தின் பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை. கேள்வியின் முதல் உறுப்பு, அதாவது உட்பிரிவு, விழுந்ததும் அடுத்ததும் சேர்ந்து விழுந்தது. ஒவ்வொரு உறுப்பும் தன் காலில் நிற்கும்படி எழுதியிருந்தால் குறைந்தபட்சம் இழப்பீட்டுக்காவது தனிப் பதில் வாங்கியிருக்கலாம்.

‘தரவு இல்லை’ என்ற சுவரை எதிர்பார்க்கும் இடங்களில், தரவைத் திரட்டும் பொறுப்பையே ஒரு உறுப்பாக வையுங்கள். 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் ‘குறிப்பாக’ எதுவும் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை சொன்னது நினைவிருக்கும். அங்கே கேட்க வேண்டியது: மாநிலங்களுக்கு அனுப்பிய படிவத்தில் அதை நிரப்ப ஒரு கட்டம் இருந்ததா? இல்லை என்றால் யாரும் தெரிவித்திருக்க முடியாது என்பது பதிலிலேயே வெளிப்பட்டுவிடும்.

படி 4: நட்சத்திரமா, இல்லையா?

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவைப் பட்டியலில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும் இடம்பெறும். மாநிலங்களவையில் முறையே 15, 160. மக்களவையில் ஒருவர் பெயரில் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வராது, அதில் நட்சத்திரம் ஒன்றுதான்.

எல்லோருக்கும் நட்சத்திரத்தின் மேல் ஆசை. ஆனால் முன்னுரிமையைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. 20 இடத்துக்குள் வந்தாலும், அமளி இல்லாத நாளில்கூட ஐந்தாறு கேள்விக்குமேல் அவையில் எடுக்க நேரம் இருக்காது. மீதிக்கு எழுத்துப் பதில்தான். எண்கள் வேண்டுமென்றால் எழுத்துக் கேள்வியாகவே போடுங்கள், மாநில வாரி அட்டவணைக்கு அதுதான் சரியான இடம். கொள்கை நிலைப்பாட்டை அமைச்சர் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்றால் மட்டும் நட்சத்திரம். முந்தைய கூட்டத்தொடரில் எழுத்துக் கேள்வியால் எண்களை வாங்கி, அடுத்த தொடரில் அவற்றை வைத்து நட்சத்திரக் கேள்வி கேட்பதுதான் நல்ல உத்தி. பொறுமை வேண்டும், ஆனால் பலிக்கும்.

அவசரம் என்றால் விதி 54இன் கீழ் குறுகிய கால நோட்டீஸ் கேள்வி இருக்கிறது. அமைச்சர் சம்மதித்தால்தான் நடக்கும். மனித உரிமை விஷயத்தில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், நேரமில்லா நேரத்துக்கோ (கேள்வி நேரத்துக்குப் பிறகு அவசர விஷயங்களை எழுப்பும் நேரம்) கவன ஈர்ப்புக்கோ போய்விடுங்கள்.

படி 5: தேதிக் கணக்கு

கூட்டத்தொடருக்கான அழைப்பாணை வெளியான மறுநாளிலிருந்து நோட்டீஸ் கொடுக்கலாம். பதில் தேதிக்கும் நோட்டீஸுக்கும் நடுவே 15 முழு நாட்கள் வேண்டும். முழு நாள் என்றால் கொடுத்த நாளும் பதில் நாளும் சேராது. ஆகஸ்ட் 18இல் பதில் வேண்டுமானால் ஆகஸ்ட் 2க்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். 3ஆம் தேதி கொடுத்தால் செல்லாது. அமைச்சகங்கள் ஐந்து தொகுப்பாகப் பிரிக்கப்பட்டு வாரத்தின் ஐந்து நாளுக்கு ஒதுக்கப்படும். அந்த அட்டவணையும் குலுக்கல் தேதிகளும் கூட்டத்தொடருக்கு முன்பே வெளியாகும். அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குறுகிய கூட்டத்தொடரில் ஒரு அமைச்சகத்துக்கு மொத்தமே மூன்று நாள்தான் கிடைக்கும், ஒன்றைத் தவறவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

உறுப்பினர் இணையதளம் வழியாக நோட்டீஸ் அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல் எம்.பி.யிடமே இருக்கட்டும். அமைப்புகள் வரைவை மட்டும் கொடுக்கலாம், உள்ளே நுழைந்து பதிவேற்றக்கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு மக்களவை உறுப்பினர் நீக்கப்பட்டபோது, கடவுச்சொல்லை வெளியாளுக்குக் கொடுத்தது குற்றச்சாட்டின் மையமாக இருந்தது. உதவுகிறோம் என்று போய் எம்.பி.யை மாட்டிவிடாதீர்கள்.

படி 6: துணைக் கேள்வி

நட்சத்திரக் கேள்வி எடுக்கப்பட்டால், கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்வி கிடைக்கும். பிறகு மற்றவர்கள். மூலக் கேள்விக்கான பதில் கேள்வி நேரம் தொடங்கும் முன்பே உறுப்பினருக்குக் கிடைத்துவிடும். அந்தச் சிறிய இடைவெளிதான் உங்கள் வேலை நேரம். பதிலில் எந்த உறுப்பு விடுபட்டது, எந்த எண் போன பதிலோடு முரண்படுகிறது என்று இரண்டே புள்ளியைத் தேர்ந்தெடுத்து அரைப் பக்கத்தில் கொடுங்கள்.

அமைச்சரிடம் ஒரு தடித்த கோப்பு இருக்கும். என்னென்ன துணைக் கேள்வி வரலாம் என்று ஊகித்து அதிகாரிகள் தயாரித்தது. நீண்ட முன்னுரையோடு மூன்று கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், அவற்றில் எளிதானதற்கு மட்டும் அதிலிருந்து படித்துவிட்டு உட்காருவார். ஒரே கேள்வி, இருபது விநாடி: ‘சமூகத் தணிக்கையில் ஆராய்ந்த 54 மரணங்களில் 49இல் பாதுகாப்புக் கருவி எதுவுமே இல்லை என்கிறது உங்கள் அமைச்சகம் 2025 ஜூலையில் அவைக்குத் தந்த அறிக்கை. அந்த 49இல் எத்தனையில் வேலைக்கு அனுப்பியவர் மீது 9ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது?’ இதற்கு எண் சொல்ல வேண்டும், அல்லது பிறகு அனுப்புவதாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வந்தாலும் உங்களுக்கு லாபம்தான், அது உறுதிமொழி ஆகிவிடும். துணைக் கேள்வி மூலப் பதிலிலிருந்து எழ வேண்டும் என்பது விதி. தமிழில் கேட்பதானால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்பே சொல்லி, சட்டப் பெயரையும் எண்களையும் துண்டுச்சீட்டில் கொடுத்துவிடுங்கள். ‘மலக்குழி’ மொழிபெயர்ப்பில் ‘கழிப்பறை’ ஆகிவிட்டால் பதிலும் கழிப்பறை கட்டும் திட்டத்துக்குப் போய்விடும்.

படி 7: பதில் வந்த பிறகு

‘(அ) முதல் (ஈ) வரை’ என்று எல்லா உறுப்பையும் ஒரே பத்தியில் சுருட்டிய பதில் வந்தால் பென்சிலை எடுத்து உறுப்பு உறுப்பாக டிக் போடுங்கள். ஏதோ ஒன்றை விழுங்குவதற்காகத்தான் பெரும்பாலும் சுருட்டுவார்கள். மேலே காட்டிய வரைவில் பெரும்பாலும் காணாமல் போவது (இ), தண்டனைக் கணக்கு.

‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வகைப் பதில்கள் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கவை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர். அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்டுக்கொண்டே போகும், கடைசியில் உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்கும். மூன்று மாதம் முடிந்ததும் கேள்வி எண், தேதியோடு குழுத் தலைவருக்கு எம்.பி. கடிதம் எழுதினால் கோப்பு நகரும். ‘மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை’ என்பது உறுதிமொழி ஆகாது. அங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

பதிலில் தகவல் பிழை இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115 கைகொடுக்கும். பிழை எது, சரியான தகவல் எது, ஆதாரம் எது என்று சபாநாயகருக்கு எழுத வேண்டும். கோபத்தில் நேரே உரிமை மீறல் நோட்டீஸ் கொடுப்பது தலைப்புச் செய்திக்கு உதவும். ஆனால் அமைச்சர் தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று நிறுவ வேண்டியிருப்பதால் அது அநேகமாக அங்கேயே நின்றுவிடும். 115இல் அந்தச் சுமை இல்லை.

பதில் சரி, ஆனால் போதாது என்றால் விதி 55இன்படி அரை மணி நேர விவாதம். மூன்று நாள் முன்பு நோட்டீஸ், கூடவே காரணக் குறிப்பு. அபூர்வமாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் அமைச்சர் விரிவாகப் பேசியே ஆக வேண்டும்.

கடைசியாக, மாநில வாரி அட்டவணை கையில் வந்ததும் அதைச் சென்னைக்கு எடுத்து வாருங்கள். நாடாளுமன்றத்தில் வந்த தமிழ்நாட்டு எண்ணைச் சுட்டி, மாவட்ட வாரிப் பிரிப்பைச் சட்டமன்றத்தில் கேட்கலாம். அல்லது நகராட்சி நிர்வாகத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாநில அரசு தில்லிக்கு அனுப்பிய எண்ணும் மாவட்டங்கள் தரும் எண்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால், விடுபட்ட மரணங்கள் எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில் என்பது வரைக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்தொடருக்கான (அ) உறுப்பு அதுதான்.